நிழல் மரம் யாருக்குச் சொந்தம்?



காடு என்றதும் வனத்துறைப் பலகைதான் நம் நினைவுக்கு வருகிறது. கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் பட்டா நிலத்திலேயே காடு நிற்கிறது. மேலே சந்தன வேம்பு, பலா, நாவல், அத்தி, கீழே முள்முருங்கை, அதற்கும் கீழே காப்பி. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல்தான் அறிவிக்கப்பட்டது. காட்டுமாடும் மலையணிலும் அதற்கு முன்பிருந்தே இந்தத் தோட்டங்களில் புழங்கி வருகின்றன.

அந்த மேல்மரங்கள் போன இடத்தில் இப்போது சில்வர் ஓக் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து நிழலுக்காக வந்த மரம். தோட்டக்காரரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நேராக வளர்கிறது, மிளகு ஏற்றலாம், பிளைவுட்டுக்குப் போகிறது, வீட்டில் கல்யாணம் வந்தால் வெட்டிக் காசாக்கலாம். ஆனால் அதன் காய் உலர்ந்து வெடித்துச் சிறகு விதையைக் காற்றில் விட்டுவிடும். குக்குறுவானுக்கும் பச்சைப்புறாவுக்கும் தின்ன ஒன்றுமில்லை. அத்தியோ, வேறெதுவும் பழுக்காத மாதத்திலும் பழுத்துக் குலுங்கும்.

மரம் யாருக்குச் சொந்தம் என்ற சட்டத்தையும் பாருங்கள். கர்நாடகத்தின் குடகில் மர உரிமைத் தொகை கட்டி மீட்காத நிலங்களில் நாட்டுமரம் அரசுக்குச் சொந்தம். நட்ட சில்வர் ஓக் தோட்டக்காரருக்குச் சொந்தம். எதை நடுவார், சொல்லுங்கள். தமிழ்நாட்டில் நம்மிடம் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும், மலைப்பகுதி மரங்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மலையை மொட்டையடிக்கவிடாமல் தடுத்ததில் இவற்றுக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவை காப்பது வளர்ந்து நிற்கும் மரத்தை. களையெடுக்கும்போது முழங்கால் உயரச் சந்தன வேம்புக் கன்றை அரிவாளால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் கேட்பாரில்லை. மரமானபின் வெட்ட அனுமதி கேட்டு அலைவதைவிட அது லேசு என்று தோட்டக்காரர் நினைக்கிறார்.

பராமரிப்பு முறைகள் நமக்குத் தெரியாதவை அல்ல. மழைக்கு முன் நிழல் கவாத்து. நோய்ப்பட்டதையும் கோணலானதையும் எடுத்து, நல்ல மரத்துக்கு வெளிச்சம் விடுவது. வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி மூடுவதற்குள் நாட்டுக் கன்றுகளை ஏற்றிவிடுவது. தகராறெல்லாம் பட்ட மரத்தில்தான். விற்றால் விறகு விலை. விட்டுவைத்தால் குக்குறுவான் துளை போடும், ஆந்தையும் பறக்கும் அணிலும் பொந்தில் குடியேறும். காப்பி பறிக்கும் ஆட்களின் தலையில் கிளை முறிந்து விழக்கூடும் என்பதும் உண்மை. ஆகவே பாதையோரத்தில் வேண்டாம், ஓடைக்கரையில் நிற்கட்டும் என்பது என் கட்சி.

இந்தக் கருத்தரங்கிடம் நான் கேட்பது ஒன்றே. நட்டுப் பதிவுசெய்த நாட்டுமரத்தை, முதிர்ந்தபின் தோட்டக்காரரே வெட்டி விற்க ஓர் எளிய நடைமுறையை எழுதித் தாருங்கள். எத்தனை அடி சுற்றளவில் வெட்டலாம், ஏக்கருக்கு எத்தனை பொந்து மரம் விடலாம் என்பதும் அதில் இருக்கட்டும். நிகழ்ச்சிநிரலில் தோட்டக்காரர்களைக் கடைசி அமர்வில் போட்டிருக்கிறார்கள். தலைவர் என்ற உரிமையில் அவர்களை முதல் அமர்வுக்கு மாற்றுகிறேன், மேடைக்கு வாருங்கள்.