அமெரிக்க நீதிமன்றங்களில் எளியவர் வழக்குகள்



அமெரிக்கா என்றதும் அதன் படைபலமும் டொலரின் மதிப்புமே நம்மவர் பேச்சில் அடிபடுகின்றன. அந்நாட்டு நீதிமன்றங்களில் என்ன நடைபெறுகின்றது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அங்கே வழங்கப்படும் நீதியெல்லாம் பொன் என்று புகழ்வதற்காக நாம் இம்மேடையில் ஏறவில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கு நடந்த சில வழக்குகளில் நமக்குப் பயன்படும் செய்திகள் உண்டு. அவற்றை எடுத்துச் சொல்லவே வந்தோம்.

முதலில் அந்நாட்டு அமைப்பைச் சிறிது விளங்கிக்கொள்ளல் வேண்டும். இலங்கையில் நீதிமன்றங்கள் ஒரே படிவரிசையில் அமைந்தவை. அமெரிக்காவிலோ ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது சட்டக்கோவைகள், ஐம்பது நீதிமன்ற வரிசைகள். அவற்றோடு மத்திய அரசின் நீதிமன்றங்கள் தனி. ஒரே செயல் மாநிலச் சட்டத்தையும் மத்திய சட்டத்தையும் மீறுமாயின் இரண்டிடத்திலும் வழக்குத் தொடரலாம். ஒரு குற்றத்துக்கு இருமுறை ஒருவரை விசாரித்தல் ஆகாது என்ற விதி எங்கே போயிற்று எனச் சட்டம் படித்தோர் கேட்பீர்கள். மாநிலமும் மத்தியும் வெவ்வேறு இறைமை உடையன, ஆகவே குற்றமும் வெவ்வேறு என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலும் மீண்டும் உறுதி செய்தது. இறைமையைப் பகிர்ந்தால் நாடே கவிழ்ந்துவிடும் என்று அஞ்சும் நம் நாட்டுத் தலைவர்கள் இதனைச் சற்று ஊன்றிப் பார்ப்பது நல்லது.

இந்த அமைப்பு எவ்வாறு இயங்குகின்றது என்பதற்கு ஜோர்ஜ் புளொயிட் வழக்கே சான்று. 2020ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில், இருபது டொலர்க் கள்ளத்தாள் ஒன்றைக் கொடுத்தார் என்ற முறைப்பாட்டின் பேரில் அந்தக் கறுப்பினத்தவர் பிடிக்கப்பட்டார். டெரக் ஷோவின் என்னும் பொலிஸ்காரர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அவரது கழுத்தில் முழங்காலை ஊன்றி நின்றார், அவர் இறந்தார். குடும்பத்தார் தொடுத்த குடியியல் வழக்கில் மினியாபொலிஸ் நகரசபை 2021ஆம் ஆண்டு மார்ச்சில் 270 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுக்க இணங்கியது. அடுத்த மாதம் 20ஆம் நாள் மாநில நீதிமன்றத்து யூரிமார் பன்னிருவரும் ஷோவினைக் குற்றவாளி எனக் கண்டனர். இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதன்பின் குடியுரிமைகளைப் பறித்த குற்றத்துக்காக மத்திய நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு இருபத்தொரு ஆண்டுத் தண்டனை பெற்றார். இரண்டு தண்டனைகளும் ஒருங்கே கழிவன. ஒரு சாவு, மூன்று வழக்கு. வீதியில் நின்ற ஓர் இளம்பெண் கைத்தொலைபேசியில் படம் பிடித்திராவிடின் ஒரு வழக்கேனும் நடந்திருக்குமா என்பது ஐயமே. சீருடை அணிந்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வதன் அருமை இவ்வவையினர்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த மினியாபொலிஸ் நகரம் அடங்கியிருக்கும் பகுதிக்கு ஹெனபின் கவுண்டி என்று பெயர். அதே கவுண்டி இன்னொரு வழக்கிலும் சிக்கியது. இது கொலை வழக்கன்று; நாம் சோலைவரி என்று வழங்குகின்றோமே, அந்த வரி வழக்கு. காணி பூமி உடைய ஒவ்வொருவரும் செவி கொடுத்துக் கேட்கவேண்டியது.

தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர் பாதுகாப்பைக் கருதி 2010ஆம் ஆண்டில் தம் சிறு மாடிவீட்டை விட்டு முதியோர் குடியிருப்புக்கு இடம் பெயர்ந்தார். பழைய வீட்டின் வரி கட்டப்படாமல் நின்றது. வரி ஏறத்தாழ 2,300 டொலர்தான். வட்டியும் தண்டமும் ஏறி 15,000 டொலராயிற்று. கவுண்டி வீட்டைப் பறித்து 40,000 டொலருக்கு விற்றது. கடன் 15,000 போக மிகுதி 25,000 யாருக்குச் சேரவேண்டும்? அடகுக் கடைக்காரன்கூட நகையை ஏலம் விட்டால் கடன் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் அல்லவா? கவுண்டியோ முழுவதையும் தன் பெட்டியிற் போட்டுக்கொண்டது. மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. கீழ் நீதிமன்றங்களும் கவுண்டியின் பக்கமே நின்றன. 2023ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக அம்மூதாட்டியின் பக்கம் தீர்ப்பளித்தனர். அப்போது அவருக்கு வயது 94. உரிய நட்டஈடு இன்றி எவர் ஆதனத்தையும் அரசு எடுத்தல் ஆகாது என்ற அரசியலமைப்பு விதி வரி வசூலுக்கும் பொருந்தும் என்றனர். பிரதம நீதியரசர் ரொபட்ஸ் 1215ஆம் ஆண்டின் மக்னா கார்ட்டா வரை பின்சென்று, வரிக்காக எடுக்கும் அரசன் வரி அளவே எடுக்கலாம் என்பது பழைய நியாயம் எனக் காட்டினார்.

இந்த நீதியரசர்கள் எத்தனையோ வழக்குகளில் கட்சி பிரிந்து நிற்பவர்கள். இங்கே ஒன்றுபட்டனர்.  அதன் பயன் எளிய ஒரு கிழவிக்குப் போய்ச் சேர்ந்தது.

கமக்காரர் கேட்கவேண்டிய வழக்கு அடுத்தது. கிளைபோசேற்று என்னும் களைநாசினியை இங்கு அறியாதார் இல்லை. கலிபோர்ணியாவில் பாடசாலை வளவுகளில் களைக்கு மருந்தடித்து வந்த தொழிலாளி ஒருவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. மருந்தைச் செய்து விற்ற மொன்சான்ரோ கம்பனி ஆபத்தை அறிந்தும் போத்தலில் எச்சரிக்கை இடவில்லை என்று அவர் வழக்காடினார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் இம்மருந்து மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாகலாம் என 2015ஆம் ஆண்டில் வகைப்படுத்தியிருந்தது. அமெரிக்க அரசின் சூழற் பாதுகாப்பு முகவரகமோ அப்படி இல்லை என்று நின்றது. இவ்விரண்டுக்கும் இடையே பன்னிரண்டு சாதாரண குடிமக்கள் யூரிமாராக அமர்ந்து முடிவு சொல்லவேண்டி வந்தது. 2018ஆம் ஆண்டு ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் 2,890 இலட்சம் டொலர் கொடுக்கும்படி சொன்னார்கள். அத்தொகையைக் கேட்டு வாய் பிளந்தவர்கள் பின்பு நடந்ததையும் அறிதல் வேண்டும்: விசாரணை நீதிபதி அதனை 780 இலட்சமாகக் குறைத்தார், 2020ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றம் 205 இலட்சமாகக் குறைத்தது. அதே ஆண்டில், கம்பனியை வாங்கிய ஜேர்மனியின் பேயர் நிறுவனம், நிலுவையில் இருந்த வழக்குகளைத் தீர்க்க ஆயிரங்கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. கம்பனிக்குச் சார்பாக யூரிமார் சொன்ன வழக்குகளும் பின்னர் உண்டு. ஆகவே விஞ்ஞான வழக்கு முடிந்துவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம்.

இவ்வழக்கில் நாம் பெரிதாக மதிப்பது பணத்தையன்று. வழக்காடுபவன் கேட்டால் எதிராளி தன் உட்கடிதங்களையும் குறிப்புகளையும் வெளியே வைக்கவேண்டும் என்பது அந்நாட்டுக் குடியியல் வழக்கு முறை. கம்பனி அலுவலர் தமக்குள் எழுதிக்கொண்டவை அவ்வாறுதான் வெளிச்சத்துக்கு வந்தன. இலங்கையில் 2015ஆம் ஆண்டில், வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயைக் காரணங்காட்டி இதே மருந்தின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. தடுத்ததும் தளர்த்தியதும் கொழும்பிலிருந்து வந்த கட்டளைகள். தோளில் தெளிகருவி சுமந்த கமக்காரனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டவர் யார்?

இனி, எம் உள்ளத்தை அதிகம் தொட்ட வழக்கு. லூசியானா மாநிலத்தில் கொலை வழக்கிற்கூட யூரிமார் பன்னிருவரில் பதின்மர் சொன்னாற் போதும், ஒருவனை வாழ்நாள் முழுதும் மறியலில் இடலாம் என்ற விதி இருந்தது. இது எப்படி வந்தது? அடிமை ஒழிப்புக்குப் பின் கறுப்பினத்தாரை யூரிமார் பட்டியலிலிருந்து சட்டத்தால் நீக்க இயலாது போயிற்று. 1898ஆம் ஆண்டில் அம்மாநிலத்து அரசியலமைப்பு மாநாடு கூடியது. வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டவே கூடினோம் என்று அதில் இருந்தவர்கள் ஒளிவு மறைவின்றிப் பேசினர். யூரிமாரில் கறுப்பர் ஓரிருவர் வந்தமர்ந்தாலும் அவர் குரல் செல்லாதிருக்க வழி தேடினர்; அன்று ஒன்பது பேர் போதும் என்று வைத்ததைப் பிற்காலத்தில் பத்தாக உயர்த்தினர். விதியின் எழுத்தில் இனம் என்ற சொல்லே இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. ஓரிகன் மாநிலமும் 1934ஆம் ஆண்டில் இதே வழியிற் சென்றது. அங்கே யூதர் மீதும் குடியேறியோர் மீதும் கொண்ட வெறுப்பு பின்னணியாய் நின்றது.

2018ஆம் ஆண்டில் லூசியானா மக்களே வாக்களித்து அவ்விதியை மாற்றினர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், பாரதூரமான குற்றங்களுக்கு யூரிமார் ஒருமனப்பட்டே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று உயர் நீதிமன்றம் விதித்தது. விதியின் பிறப்பு எங்கே என்பதைத் தீர்ப்பின் தொடக்கத்திலேயே நீதியரசர் கோர்சச் எடுத்துக்காட்டினார். அந்த மனிதர் 2023ஆம் ஆண்டு மறுவிசாரணையில் விடுதலை பெற்றார். ஆனால் அவருக்கு முன்னே அதே விதியால் சிறை சென்று மேன்முறையீடும் முடிந்தவர்கள்? முடிந்த வழக்குகளுக்கு இப்புதிய விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் கைவிரித்தது. ஓரிகன் மாநிலத்து உயர் மன்றம் 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் தன் கைதிகளுக்குக் கதவைத் திறந்தது. லூசியானா திறக்க மறுத்தது.

இலங்கையில் மேல் நீதிமன்ற யூரிமார் எழுவர். ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையே போதும் என்கிறது நமது குற்றவியல் நடவடிக்கைக் கோவை. எந்த மொழி பேசும் யூரிமார் வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் கொழும்பில் நம் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கு சிங்களம் பேசும் யூரிமார் முன் நடந்தது. 2016ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள், நள்ளிரவு கடந்தபின், குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டனர். லூசியானாவில் சிறுபான்மையினர் யூரிமாரில் அமர்ந்தும் குரல் செல்லவில்லை. இங்கே கொல்லப்பட்டவரின் மொழி பேசுவோர் யூரிமாரில் அமரவே இல்லை.

மேடையின் முன்வரிசையில் சட்டத்தரணிகள் பலர் இருக்கின்றீர்கள். அந்த 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து ஒருமுறை முழுதாய்ப் படியுங்கள். படித்தபின் நமது கோவையின் யூரிமார் அத்தியாயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரம் ஆகிவிட்டது. கேள்வி கேட்க விரும்புவோர் எழுந்து கேட்கலாம். சோலைவரி வழக்கைப் பற்றிக் கேட்கப் பின்வரிசையில் ஒரு பெரியவர் ஏற்கனவே கையை உயர்த்தியிருக்கின்றார்.