அழுகைக்குக் கெடு உண்டா?



நவம்பர் இறந்தோரின் மாதம். கல்லறைக்கு வெள்ளையடித்து, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி நிற்கிறோம். அங்கே பிள்ளைகள் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஃபாதர், அப்பா இறந்து ஒன்றரை வருசம் ஆகுது. அம்மா இன்னும் அழுதுகிட்டே இருக்காங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா?"

கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் மருத்துவர்கள் எடுத்துப் பார்க்கும் கையேடு ஒன்றை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடுகிறது. உறவை இழந்தவர் முதல் இரண்டு மாதம் சோர்ந்திருந்தால் அதைப் பொதுவாக மனச்சோர்வு நோய் என்று சொல்லவேண்டாம் என்றது அதன் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு. 2013இல் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். துக்க வீட்டிலும் உண்மையான நோயாளி இருக்கலாம், அவருக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு 2022இல் 'நீடித்த துயரக் கோளாறு' என்று புதிதாக ஒரு பெயரையே சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு ஓராண்டு, சிறுவர்களுக்கு ஆறு மாதம். அதற்குப் பிறகும் துயரம் நாள்தோறும் வாட்டி, அன்றாட வாழ்வையே முடக்கினால் அது நோய்.

திருச்சபையிடமும் ஒரு நாள்கணக்கு இருக்கிறது. ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு. ஆனால் அவை செபிப்பதற்கான நாள்கள். இதோடு அழுகையை நிறுத்து என்று அவை யாருக்கும் சொல்வதில்லை.

சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கவேண்டும், மருந்தும் ஆண்டவர் தந்ததே என்று தொடங்குகிறது. அதே அதிகாரம் இறந்தவருக்காகக் கண்ணீர் சிந்தச் சொல்கிறது. ஓரிரு நாள் துக்கம் காத்தபின் ஆறுதல் அடையச் சொல்கிறது. தீராத துயரம் சாவுக்கே இட்டுச் செல்லும் என்றும் எச்சரிக்கிறது. ஓரிரு நாள் என்பது நமக்குக் கொஞ்சம் கறாராகத்தான் படுகிறது! யாக்கோபைப் பாருங்கள். யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பி, பிள்ளைகள் தேற்றியும் தேற மறுத்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் புண் ஆறவில்லை. விவிலியம் அவரை நோயாளி என்று சொல்லவில்லை. இலாசரின் கல்லறைக்குப் போகும் வழியில் நம் ஆண்டவரும் கண்ணீர் விட்டார், சற்று நேரத்தில் அவனை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும்.

அப்படியானால் நோய் என்ற சொல்லே வேண்டாமா? அப்படிச் சொல்ல நமக்குத் துணிவில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்தவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அந்தக் குடும்பங்கள் பட்ட அவமானத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனக்கோளாறும் அச்சமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று நம் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. நோய் என்று புரிந்துகொண்டதும் இரக்கத்துக்கு வழிவிட்டது.

ஆகவே பெயரைவிட ஆளைப் பார்ப்போம். அழுகிற அம்மா சாப்பிடுகிறார், பூசைக்கு வருகிறார், பேரன் குறும்பு செய்தால் சிரிக்கிறார், இரவில் மறுபடி அழுகிறார். அவருக்கு வந்திருப்பது நோய் என்று நமக்குத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டு கூட வாழ்ந்தவரைத் தேடுகிறார், அவ்வளவுதான். ஆனால் சோறு இறங்காமல், குளிக்காமல், படுக்கையை விட்டு எழாமல், "நான் எதுக்கும் உதவாதவ, நானும் போயிடணும்" என்று சொல்கிறவரிடம், செபம் பண்ணு, சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம். அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

நமக்கு உறுத்துவது வேறொன்று. முன்பு துக்க வீட்டில் ஒப்பாரி இருந்தது, மாதக்கணக்கில் உறவுகள் வந்துபோயின. இன்று முப்பதாம் நாள் பூசையும் சாப்பாடும் முடிந்தால் வீடு காலியாகிவிடுகிறது. மகன் வெளிநாட்டில், மகள் வேறு ஊரில். தொலைபேசியில் அம்மாவின் அழுகை கேட்டதும், தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறார்கள். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத குறைக்கு அந்த மாத்திரை என்ன செய்யும்?

நம் அன்பியங்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்த ஓராண்டில் சாவு விழுந்த வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதாம் நாள் கழிந்த பிறகு போகத் தொடங்குங்கள். செபமாலை முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். அந்த அம்மா அவரைப் பற்றிப் பேசட்டும், போன முறை சொன்ன கதையையே மறுபடி சொன்னாலும் சரி.