கலைக் கல்லூரியும் நம் கடமையும்

(ஆலயக் கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவன் நான். கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் பாடம் நடத்தாமல் இருக்க முடியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் உதவிநிதி கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பொறியியல், கணினி, கணக்கியல், தாதிமை ஆகிய துறைகளில் படிப்பவர்கள். எப்போதாவது ஒரு பிள்ளை வரலாறு, மானிடவியல், இலக்கியம், நாடகம் என்று எழுதிக் கொடுத்தால், பெற்றோர் முகம் சற்று வாடிவிடுகிறது. ‘அதைப் படித்து என்ன செய்வது?’ என்று நம் குழுவிலேயே கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

நம் நாட்டிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் யேல்-என்யுஎஸ் கல்லூரியை அமைத்தன. 2013இல் 157 மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்று அவர்கள் சொல்வதை நான் பல்துறைக் கலைக் கல்வி என்பேன். ஒரே துறைக்குள் மாணவரை முதல் நாளே அடைத்துவிடாமல், இலக்கியம், தத்துவம், சமூகவியல், அறிவியல், கணிதம் எல்லாவற்றையும் முதலில் பொதுவாகப் படிக்க வைத்து, பிறகு ஒன்றில் ஆழ்ந்து போகச் செய்வது அதன் முறை.

யேல் என்ற பெயருக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. எலைஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். அங்குச் செய்த வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். அதில் அடிமை வணிகத்தின் கறையும் உண்டு என்று இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 1718இல் அவர் அமெரிக்காவிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பி வைத்தார். அந்த நன்கொடைக்காகவே கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். சென்னைக் கடற்கரையில் சேர்ந்த பணம் ஒரு கல்விக்கூடத்துக்குப் பெயரானது. நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லப் பழக்குவதே கலைக் கல்வியின் முதல் பாடம்.

சரி, அந்தக் கல்லூரியில் என்ன படித்தார்கள்? முதலாம் ஆண்டு இலக்கிய வகுப்பில் நம் இராமாயணத்தையும் கிரேக்கர்களின் ஒடிசியையும் அருகருகே வைத்துப் படித்தார்கள். சீன மாணவர், மலாய் மாணவர், வெளிநாட்டு மாணவர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நாடு இழந்து காட்டுக்குப் போன ஓர் அரசகுமாரனையும், வீடு திரும்ப முடியாமல் கடலில் அலைந்த ஓர் அரசனையும் ஒப்பிட்டுப் பேசினார்கள். ஆலய மண்டபத்தில் நாம் பக்தியோடு கேட்கும் கதையை அவர்கள் கேள்வியோடு படித்தார்கள். பக்தி வேறு, ஆய்வு வேறு. ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று. இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் தாமே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முழுதும் ஆய்வோ படைப்போ செய்து முடிக்க வேண்டும் என்பது அங்கு விதி.

கலைகளுக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. என்யுஎஸ் இந்திய நடனக் குழுவை 1977 முதல் பல்லாண்டுகள் வழிநடத்தியவர் கலாசாரப் பதக்கம் பெற்ற திருமதி சாந்தா பாஸ்கர் அவர்கள். சீன மக்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை 1958லேயே பரதநாட்டியமாக அமைத்த பெருமை அவருக்கு உண்டு. 2022இல் அவர் மறைந்தார். பகலில் ஆய்வுக்கூடத்திலும் மாலையில் சலங்கையோடும் இருந்த மாணவர் பலர் அவரிடம் பயின்றவர்கள். அவர்கள் எல்லாரும் நடனமணிகளாகிவிடவில்லை. ஆனால் அரங்கில் அமர்ந்து நல்ல கலை எது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள்.

ஆய்வு என்றதும் நம்மில் பலர், அது பெரிய பெரிய ஆங்கில நூல்களில் இருப்பது என்று எண்ணுகிறோம். நாம் தினமும் சொல்லும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: தேக்கா. என் வகுப்பில் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், பிள்ளைகள் ‘தேக்கு மரம் இருந்திருக்கும் சார்’ என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது ஹொக்கியன் மொழிச் சொல். மூங்கில் புதரின் அடி என்று பொருள். மலாய்க்காரர்கள் இதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்றார்கள். எருமைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் கெர்பாவ் ரோடும் பஃபலோ ரோடும் இருக்கின்றன; நம் பிள்ளைகளில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரிலும் அந்த எருமைப் பட்டிதான் இருக்கிறது. 1982இல் புதிய சந்தைக் கட்டடம் வந்தபோது மாண்டரின் உச்சரிப்பில் ‘சூஜியாவ்’ என்று பெயரிட்டார்கள். மக்கள் நாவில் அது ஏறவில்லை. 2000ஆம் ஆண்டில் மீண்டும் தேக்கா என்றே மாற்றினார்கள்.

பாருங்கள், ஒரு பெயரைத் தோண்டினால் மொழி வருகிறது, மாட்டு வணிகம் வருகிறது, அரசாங்கக் கொள்கை வருகிறது, சந்தைக்குப் போகும் சாதாரண மக்களின் பிடிவாதமும் வருகிறது. இந்த நான்கையும் ஒரே கயிற்றில் கட்டத் தெரிந்த பிள்ளையைத்தான் பல்துறைக் கல்வி உருவாக்குகிறது.

ஆனால், நான் சொன்ன அந்தக் கல்லூரி இன்று இல்லை. 2021 ஆகஸ்ட் மாதம் பல்கலைக்கழகம் அதை மற்றொரு திட்டத்தோடு இணைத்துப் புதிய கல்லூரி அமைக்கப்போவதாக அறிவித்தது. அவ்வாறே 2022இல் என்யுஎஸ் கல்லூரி தொடங்கியது. யேல்-என்யுஎஸ் கல்லூரியின் கடைசி மாணவர்கள் 2025 மே மாதம் பட்டம் பெற்றார்கள். அதே மாதம் அந்த நூலகத்தில் மிகுதியாகிவிட்ட புத்தகங்களில் ஏறத்தாழ 500, மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டன. செய்தி பரவியதும் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் வருந்திக் குரல் எழுப்பினார்கள். பல்கலைக்கழகமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. நூலகத்தின் பெரும்பகுதி நூல்கள் மற்ற நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது ஆறுதல்.

யாரையும் குறை கூற இதை நான் சொல்லவில்லை. பணமும் புகழும் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கட்டிய கல்லூரிக்கே பன்னிரண்டு ஆண்டுதான் வகுப்பு நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. நிறுவனங்கள் வரும், மாறும், மறையும். அவற்றில் சேர்ந்த அறிவைக் காப்பவர் யார் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஒரு பதில் சொன்னார்கள். 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத்துறை அமைக்கும் பேச்சு வந்தது. அதில் வடமொழிக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்று பெரிய விவாதம் எழுந்தது. தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் தமிழ் முரசு வழியாகத் தமிழுக்காக வாதாடினார். வாதாடியதோடு நிற்காமல், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று ஒரு நிதி திரட்டி, துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களுக்கு வழி செய்தார். கூலி வேலை பார்த்தவர்களும் சிறு கடை வைத்திருந்தவர்களும் அதற்குக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலைத் தம் வாழ்நாளில் மிதிக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள், அதன் நூலகத்துக்குக் காசு கொடுத்தார்கள்! 1956இல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்குப் போனது. அங்கே அதன் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்தியதுதான் 1966இல் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாடு. ஏழைகள் போட்ட காசு எங்கே போய் விளைந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று நம்மிடம் காசு கேட்க யாரும் வரவில்லை. வேறொன்று கேட்டு வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழக மாணவி நம் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். கோபுரத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். ‘அங்கிள், அன்னதானத்துக்கு அந்தக் காலத்தில் அரிசி எத்தனை மூட்டை வந்தது? யார் யார் கொடுத்தார்கள்? காய்கறி நறுக்கிய பெண்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறீர்களா?’ என்றார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்தோம். பால்காரர், சலவைத் தொழிலாளி, வண்டிக்காரர் என்று பெயர்களும், எதிரே பத்துக் காசு, இருபது காசு என்று தொகைகளும் இருந்தன. கொடுத்த ஆண்கள் பெயர் இருந்தது. நறுக்கிய பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அதை அந்தப் பிள்ளை கேட்கும்வரை நம்மில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பாட்டிமார்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல அவர்களுக்கு நினைவும் இருக்கிறது. ஆனால் காலம் காத்திருக்காது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, வீடு மாறும்போதும் வீட்டைப் புதுப்பிக்கும்போதும் பழைய விழா மலர்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள், சங்க ரசீதுகள் ஆகியவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தேசிய நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. முதலில் அவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மாணவர் வந்தால் ‘எனக்கு என்ன தெரியும்’ என்று அனுப்பிவிடாதீர்கள். வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய அரசாங்கமே 1979இல் ஒரு பிரிவை அமைத்தது. உங்கள் நினைவும் ஓர் ஆவணம்தான்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. கலைத்துறை படித்தவர்கள் ஆசிரியர்களாக, செய்தியாளர்களாக, அரசாங்க அதிகாரிகளாக, அரும்பொருளகத்தாராக, சமூக ஊழியர்களாகப் பணியாற்றுகிறார்கள். சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆர்வமும் உழைப்பும் உள்ள பிள்ளை என்றால் தடுக்காதீர்கள். நம் உதவிநிதியிலும் ஆண்டுக்கு ஓர் இடமாவது கலை, ஆய்வுத் துறை மாணவருக்கு ஒதுக்க வேண்டும் என்று குழுவின் முன் வைத்திருக்கிறேன். உறுப்பினர்கள் ஆதரவு தர வேண்டும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. வடம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம் என்றால், தேர் எந்த வீதி வழியாக வந்தது, யார் யார் இழுத்தார்கள் என்று எழுதி வைக்கவும் சிலர் வேண்டும். அந்தச் சிலர் நம் வீட்டிலிருந்தே வரட்டும்.