குழல் மரபும் திருத்தமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், கவிதையை விடுத்துக் குழல் செய்தலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் கூட்டங்களில் ஓயாது எழும் வினா ஒன்று உண்டு. மரபைத் திருத்தலாமா என்பதே அது. யாப்பைக் காப்போர் ஒருபுறமும் கடப்போர் மறுபுறமும் நின்று வழக்காடுகிறோம். இவ்வினாவுக்கு நம்மைவிடத் தெளிவான விடையைக் கருவி செய்யும் கைவினைஞர் வைத்திருக்கிறார் என்பது என் துணிபு.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அவனிடம் செல்லும் வழியைக் கூறுகையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். தீக்கடைகோலால் நெருப்பை உண்டாக்கி, அக்கொள்ளியால் துளை சுட்டுக் குழல் செய்து, பாலைப்பண் இசைக்கிறான் அவன். அது சலித்ததும் குமிழங்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். கருவியைச் செய்பவனும் இசைப்பவனும் அங்கே ஒருவனே. வேண்டும் இசைக்கேற்பக் கருவி மாறுகிறது. இன்றும் மூங்கிற்குழல் செய்வோர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளை சுடுகின்றனர். நாரோட்டம் மிகுந்த மூங்கில் உளிபட்டால் பிளந்துவிடும், நெருப்புக்கு இணங்கும்.

அகநானூற்று 82ஆம் பாட்டில் கபிலர், அசையும் மூங்கிலின் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலிசை எழுவதைக் கேட்கிறார். காற்றும் துளையும் இருந்தால் ஒலி பிறந்துவிடும். அவ்வொலியைப் பண்ணாக்குவது துளைகளுக்கு இடையே உள்ள அளவு. அந்த அளவுதான் கைவினை.

அக்கைவினையின் இலக்கணத்தைச் சிலப்பதிகார அரங்கேற்று காதையின் உரையில் அடியார்க்கு நல்லார் விரித்துரைக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்களைச் சொல்லி, மூங்கிலையே சிறந்ததாக வைக்கிறார். நாற்றிசைக் காற்றும் மோதிக் கலங்கும் இடத்தில் வளர்ந்த மரத்தில் நாதம் இராது என்கிறார். மிக இளையதும் மிக முதிர்ந்ததும் ஆகா. வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, முறுக்கலும் பிளத்தலும் இல்லையென்று கண்டு, ஓராண்டு சென்றபின்னரே கருவி செய்ய வேண்டும். இங்கே நாம் கருத வேண்டிய ஒன்றுண்டு. மூங்கிலே உத்தமம் என்று கூறிய அதே உரையாசிரியர், தம் காலத்தில் கருங்காலியே பெருவழக்கு என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். இலக்கணத்தையும் அதிலிருந்து விலகிய வழக்கையும் அருகருகே வைக்கும் நேர்மை அது.

இனி, திருத்தம் எவ்வாறு நிகழ்கிறது? துளையை ஊதும் வாய்க்கு அருகே கொண்டுசென்றால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். துளையைப் பெரிதாக்கினாலும் சுருதி ஏறும். ஆனால் சுட்ட துளையைச் சிறிதாக்க இயலாது. மெழுகு வைத்து ஒருவாறு சரிக்கட்டலாம். பழைய மூங்கில் திரும்பி வாராது. ஆகையால் தேர்ந்த கைவினைஞர் துளையை முதலில் சிறியதாகச் சுட்டு, ஊதிக் கேட்டு, மீண்டும் இம்மியளவு அகற்றிக் கேட்பார். ஒரு மூங்கிலின் உட்புழை மற்றொன்றினது போல் இராது. அதனால் ஒரு குழலின் அளவை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துவைக்க முடியாது. அளவுகோல் தொடங்கி வைக்கும். செவியே முடித்து வைக்கும்.

அண்மைக்கால வரலாறும் இதையே உரைக்கிறது. கும்பகோணம் சரப சாஸ்திரிகள் (1872–1904) குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தினார். அவர் வழியில் பல்லடம் சஞ்சீவ ராவ் வந்தார். பின்னர் வந்த மாலி எனும் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986) விரலடைப்பையும் ஊதும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகத்தைக் குழலில் கொணர்ந்தார். வடக்கே பன்னாலால் கோஷ் (1911–1960) நீண்ட, பெரிய குழலை அமைத்து, மத்திமத்தின் பொருட்டு ஏழாவது துளையைச் சேர்த்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் இயல்பாய் ஒலிக்கும் பாரி நாகசுரத்தை வடித்தார். ஒருவர் விரலை மாற்றினார். ஒருவர் துளையைக் கூட்டினார். ஒருவர் கருவியின் உடலையே நீட்டினார். குறை எங்கிருந்ததோ அங்கே மட்டும் கைவைத்தார்கள்.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. மூங்கிலைப் போற்றும் ஜப்பானியரின் ஷாகுஹாச்சி என்னும் நெடுங்குழல் மூங்கிலின் வேரடிப் பகுதியால் ஆவது. முன்னே நான்கு, பின்னே ஒன்று என ஐந்தே துளைகள். மூங்கிலைத் தீயில் வாட்டி எண்ணெய்ப் பசையை நீக்கி, நெடுநாள் உலரவிடுவார்கள். ஃபுகே என்னும் பௌத்தப் பிரிவின் துறவிகள் அதைத் தியானமாகவே ஊதிவந்தனர். 1871இல் அரசு அப்பிரிவைக் கலைத்தபின் குழல் முற்றிலும் இல்லறத்தார் கைக்கு வந்தது. மற்றக் கருவிகளோடு சுருதி சேர வேண்டிய தேவை மிகுந்தபோது, உட்புழையில் சாந்து பூசி அரக்கிட்டு அளவைச் சீராக்கும் வழக்கம் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் ஏழு துளைக் குழலும் தோன்றியது. ஆயினும் சாந்து பூசாத கரடுமுரடான குழலின் மூச்சொலியை விரும்பி, அதையே செய்வோரும் ஊதுவோரும் இன்றும் உளர். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

கவிஞர் பெருமக்களே, இவற்றிலிருந்து நான் பெறுவது இதுதான். மரபைத் திருத்தும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் அது செவியால் ஈட்டப்படும் உரிமை. இசைக்கு எந்தச் சுரம் கிட்டவில்லை என்று அறிந்தவனே புதுத் துளை இடலாம். யாப்பைக் கடப்பவர் எந்தச் சுரத்தைத் தேடிக் கடக்கிறார்? யாப்பைக் காப்பவர் அதில் இன்னும் எந்தச் சுரம் ஒலிக்கக் கேட்கிறார்? இவ்விரு கேள்விகளும் எழும் அவையில் வழக்கு வளரும்; பகை வளராது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். குழல் வாசித்தவர் பெயர்களை வரலாறு வைத்திருக்கிறது. அக்குழல்களைச் செய்த பெரும்பாலோர் பெயர் நம்மிடம் இல்லை. ரங்கநாதன் ஆசாரியின் பெயர் நின்றது அரிதான பேறு. அடியார்க்கு நல்லார் எழுதிவைத்திராவிடில் பழைய குழலின் அளவும் சொல்லும் மறைந்தே போயிருக்கும். நம் தெருக்களில் பாவும் ஊடையும், நாடாவும் தாரும், கோர்வையும் பேட்னியுமாக ஒரு தனி மொழி தறிக்குழியில் வழங்கிவருகிறது. தறி குறையக் குறைய அம்மொழியும் குறையும். அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் கவிதைத் தொகுதிகளோடு, இக்கைவினைஞரின் பெயர்களையும் சொற்களையும் அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுக்க வேண்டும். கேட்பதற்கு உரியோர் நம்மிடையே இருக்கும்போதே தொடங்க வேண்டும்.