மாத்திரை நிற்கக் கூடாது

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



 இந்தக் கூடுகையில் பேசும்படி போதகர் ஐயா என்னைக் கேட்டுக்கொண்டபோது, "பெரிய ஆபரேஷன்களைப் பற்றிச் சொல்லுங்கள் டாக்டர், ஜனங்கள் ஆவலாய்க் கேட்பார்கள்" என்றார்கள். ஐயா என்னை மன்னிக்க வேண்டும். நான் இன்றைக்கு ஒரு சின்ன மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு பீடி சுற்றும் அம்மாவை எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர். காலையில் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. எடுக்கப் பார்த்தால் கை வரவில்லை. வலது பக்கம் முழுவதும் செயலிழந்து, பேச்சும் குழறிவிட்டது. பக்கவாதம். ஆறு மாதத்துக்கு முன்புதான் ஒரு முகாமில் அவருக்கு இரத்த அழுத்தம் அதிகமாக இருப்பதைக் கண்டுபிடித்து, தினம் ஒரு அம்லோடிபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய கணவர்தான் சொன்னார்: "தலைவலி போயி நல்லாயிட்டுதே டாக்டரய்யா, அப்புறம் எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டா. வீட்லயும் கொஞ்சம் கைமுடை."

நல்லாயிற்று என்றால் மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு டீயின் விலைகூட ஆகாத மாத்திரை அது. அது நின்றதால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றது. அவரைக் கவனிப்பதற்காக மகள் வேலையை விட்டுவிட்டாள். மருந்தை வாங்குகிற செலவைவிட மருந்தை நிறுத்துகிற செலவு பெரிது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரே காரியந்தான்.

நம்முடைய பெரியவர்கள் காலத்தில் ஆஸ்பத்திரி வார்டுகளில் நிறைந்திருந்த வியாதிகள் வேறு. காலரா, வயிற்றுப்போக்கு, காசநோய், தொழுநோய். இவற்றை மருத்துவம் எப்படி எதிர்கொண்டது என்று நினைத்துப் பாருங்கள்.

1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்திலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனோபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் தண்ணீரில் கரைத்து, அதைக் குடிக்கக் கொடுக்கும்படி நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே குறைந்தது. இன்றைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று நாம் வாங்குவது அதன் வழிவந்ததுதான்.

காசநோய்க்கு நம்முடைய சென்னையே ஒரு சாட்சி. 1956இல் அங்கே காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அந்த நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கையும், நல்ல காற்றும், முட்டையும் பாலும் வேண்டும் என்பார்கள். ஏழைக்கு அதெல்லாம் எங்கே கிடைக்கும்? அந்த மையத்தில் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டு காலம் அதே மாத்திரைகள். 1959இல் முடிவுகள் வெளியாயின. குணமானவர்கள் தொகை இரு பக்கமும் ஏறக்குறைய சமமாயிருந்தது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். குணமாக்கியது படுக்கையும் முட்டையும் அல்ல, விடாமல் சாப்பிட்ட மாத்திரை என்று அது காட்டிற்று.

தொழுநோயிலும் இதே பாடந்தான். டாப்சோன் என்ற ஒரே மருந்தை வருஷக்கணக்காய்க் கொடுத்துவந்தார்கள். பலர் இடையில் விட்டுவிட்டார்கள். கிருமியும் அந்த மருந்துக்கு அடங்காமற்போயிற்று. 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும்படி பரிந்துரைத்தது. வாழ்நாள் முழுவதும் என்றிருந்த சிகிச்சை இப்போது ஆறு மாதத்தில் அல்லது ஒரு வருஷத்தில் முடிகிறது. 1995 முதல் இந்த மருந்து உலகமெங்கும் இலவசம்.

இப்போது நம் காலத்து வியாதிகளுக்கு வருவோம். சென்னையிலுள்ள ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இரத்த அழுத்தம். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மையே எண்ணிப் பார்க்கலாம்.

காலராவுக்கும் சர்க்கரைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. காலரா நோயாளிக்கு மூன்று நாள் வைத்தியம். சர்க்கரை நோயாளிக்கு முப்பது வருஷம். காலரா வலுக்கட்டாயமாய் ஆஸ்பத்திரிக்குத் துரத்தும். சர்க்கரையும் அழுத்தமும் சத்தமில்லாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தின்னும். ஆகவே, இன்றைக்கு ஏழையைப் பற்றிய கேள்வி, "மருந்து கண்டுபிடித்தாயிற்றா?" என்பதல்ல. "அடுத்த மாசமும் அவனுக்குக் கிடைக்குமா?" என்பதே.

இங்கேதான் மருந்து வியாபாரத்தைப் பற்றி நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் கனடா தேசத்து டொரண்டோவில் வேலை செய்தவர்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு பதினாலு வயதுப் பையனுக்கு அதைப் போட்டார்கள். மறுவருஷம் பேண்டிங், பெஸ்ட், காலிப் என்ற மூவரும் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் அதே மருந்து சில நாடுகளில் வாங்க முடியாத விலைக்கு ஏறிற்று.

நம்முடைய நாட்டில் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு உரிமை தரவில்லை, செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. அதனால் நம் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. எய்ட்ஸ் நோய்க்கான மருந்து வெளிநாட்டில் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற காலத்தில், 2001இல் சிப்லா கம்பெனி அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஆப்பிரிக்காவில் எத்தனையோ உயிர்கள் பிழைக்க அது வழி திறந்தது. 2005இல் சட்டம் மாறி, மருந்துப் பொருளுக்கே இருபது வருஷ உரிமை வந்தது. அந்த உரிமை முடியும்போது விலை எப்படி இறங்குகிறது என்பதைச் சர்க்கரை நோயாளிகள் சமீபத்தில் கண்டார்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய் விற்றது. 2025 மார்ச்சில் உரிமை முடிந்தவுடன் பல கம்பெனிகள் போட்டியிட்டு, பத்து ரூபாய் அளவுக்கே அது கிடைக்கத் தொடங்கியது.

"அப்படியானால், அதே மருந்து ஒரு கடையில் ஒரு விலை, இன்னொரு கடையில் வேறு விலை என்று ஏன் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று அதன் சொந்தப் பெயர். மற்றது கம்பெனி வைத்த பெயர். கம்பெனிப் பெயருக்கு விளம்பரமும், டாக்டர்களைச் சந்திக்க வரும் பிரதிநிதிகளின் சம்பளமும், இடையிலுள்ளவர்களின் லாபமும் சேரும். அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்ச விலை வைத்திருக்கிறது. சொந்தப் பெயரிலேயே விற்கும் ஜன் அவுஷதி கடைகள் 2008 முதல் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. நமது மாநிலத்தின் மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் மொத்தமாய்க் கொள்முதல் செய்து, தரம் சோதித்து, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறையைப் பிற மாநிலங்களும் பார்த்துக் கற்றுக்கொண்டன.

"விலை குறைந்தால் தரமும் குறையாதா?" என்பது அடுத்த கேள்வி. சட்டப்படி இரண்டும் ஒரே தர அளவுக்கு உட்பட்டவை. ஆனாலும் சோதனையில் தவறும் மருந்துகள் இரண்டு வகையிலும் உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்குங்கள். அட்டையில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றி வாங்குமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொரு எச்சரிப்பு. நிறுத்தக் கூடாத மாத்திரையை நிறுத்துகிற நம் ஜனங்கள், வேண்டாத மாத்திரையைக் கேட்டு வாங்குகிறார்கள். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் போய், "ரெண்டு நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுங்க" என்கிறார்கள். வைரஸால் வரும் சளியை அது தொடாது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, அளவு குறைத்து உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். இன்று வார்டில் அதை நாங்கள் கண்ணால் காண்கிறோம். முன்பு ஐந்து நாளில் அடங்கிய சிறுநீர்த் தொற்றுக்கு, இப்போது விலை கூடிய ஊசி மருந்தைத் தேட வேண்டியிருக்கிறது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

கடைசியாக, உங்களிடத்தில் உரிமையோடு ஒரு வார்த்தை. தாராள மனதுடைய நீங்கள் சில சமயம் வீட்டில் மீந்துபோன மாத்திரைகளைப் பையில் போட்டு எங்களுக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பாதி அட்டைகளும், பெயர் கிழிந்தவையும், அடுத்த மாசம் காலாவதியாகிறவையும் அதில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, சோதித்து, முடிவில் அழிப்பதற்கே எங்கள் மருந்தாளுநருக்கு ஒரு நாள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 1996இல் வெளியிட்ட விதிமுறைகளும் இதையே சொல்கின்றன: நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தைத் தானமாக அனுப்பக் கூடாது, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது காலாவதிக்கு மீதியிருக்க வேண்டும். ஏழைக்கு வேண்டியது பத்து விதமான மீதி மாத்திரை அல்ல. ஒரே மாத்திரை, பன்னிரண்டு மாதமும், தவறாமல்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, முப்பது வயது தாண்டிய எல்லாரும் அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, உங்கள் தெருவிலும் உங்கள் சபையிலும் மாத்திரையை நிறுத்திவிட்டவர் யார் என்று விசாரியுங்கள். "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கடிந்துகொள்ள வேண்டாம். "அடுத்த தடவை நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், ஈர மண்பானையில் தண்ணீர் படாமல் வைக்கச் சொல்லிக்கொடுங்கள். மூன்று, மருந்துக்காகக் கொடுக்க விரும்பினால், ஒரு நோயாளியின் ஒரு வருஷ மாத்திரைக்கு என்று கொடுங்கள்.

அந்த பீடி சுற்றும் அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். பீடி சுற்ற முடியாது. மாதந்தோறும் முதல் வாரத்தில் கணவரும் மனைவியும் எங்கள் மருந்து ஜன்னலில் வந்து நிற்பார்கள். போன மாதம் அந்தப் பெரியவர், வரிசையில் பின்னால் நின்ற ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நல்லாயிட்டுதுன்னு மட்டும் விட்டுராதீங்கய்யா."

நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.