நின்றுவிடுவதற்கு முன் ஒரு கடிதம்

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடித்த மாணவர்களைக் கல்லூரியில் சேர்ப்பது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 'கல்லூரிக் கனவு' நடக்கிறது. விண்ணப்பிக்காமல் விட்டவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' நடக்கிறது. சேர்ந்த பிள்ளை நடுவில் நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன செலவாகும் என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அண்ணன் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்ற செய்தி பல நேரம் நான்காம் வகுப்பில் படிக்கும் தங்கை வாயிலாகத்தான் நமக்குத் தெரிய வரும். கல்லூரிப் பேராசிரியருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். "டீச்சர், என்ன செய்யட்டும்?" என்று ஓர் அம்மா கேட்டால் முதலில் உங்களிடம்தான் கேட்பார்.

பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கு உடல்நலம் கெடுகிறது. ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரிவதில்லை. முதல் பருவத்திலேயே மூன்று, நான்கு அரியர் விழுகிறது. விடுதி ஒத்துக்கொள்வதில்லை. திருமணப் பேச்சு வருகிறது. இவற்றில் சிலவற்றைச் சரிசெய்துவிடலாம், சிலவற்றைச் செய்ய முடியாது. சில நேரம் அந்தப் படிப்பை விட்டுவிடுவதே நல்ல முடிவாகவும் இருக்கும். எனவே நின்றவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். படிப்பை விடுவதால் ஏற்படும் இழப்பை விட, யாரிடமும் சொல்லாமல் விடுவதால் ஏற்படும் இழப்பு பெரியது.

முதலில் கல்லூரிக் கட்டணத்தைப் பார்ப்போம். கட்டிய பணம் திரும்ப வராது என்றே பெரும்பாலான பெற்றோர் நம்புகிறார்கள். அது சரியன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதில் நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு வரை, அதுவும் ரூ.5,000க்கு மிகாமல், பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாள்களுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசி நாள் முடிந்து 15 நாள் வரை 80 விழுக்காடு. அதற்கு மேல் 30 நாள் வரை 50 விழுக்காடு. 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை.

ரூ.40,000 கட்டிய ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாள் முடிந்து பத்தாம் நாள் விலகினால் ரூ.32,000 கிடைக்கும். இருபத்தைந்தாம் நாள் என்றால் ரூ.20,000. முப்பத்தோராம் நாள் என்றால் கையில் ஒன்றும் இருக்காது. இங்கே கவனிக்க வேண்டியது, எந்த நாளை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பது. கல்லூரிக்குப் போகாமல் நின்ற நாள் கணக்கில் வராது. விலகல் கடிதம் கல்லூரியின் கைக்குக் கிடைத்த நாள்தான் கணக்கு. ஒரு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, பிறகு தயங்கித் தயங்கிக் கடிதம் கொடுப்பவருக்கு அந்தத் தயக்கமே ரூ.32,000 செலவு. எழுத்து வடிவில் விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அறிவிக்கை சொல்கிறது.

சில ஆண்டுகளில் மானியக் குழு இதை விடச் சலுகையான நாள்களை அறிவிப்பதும் உண்டு. 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை, அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு ரூ.1,000க்கு மேல் பிடிக்காமல் மீதி என்று அறிவித்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தன் கல்வி நாள்காட்டியில் தனியாக நாள் குறிக்கும். அந்தந்த ஆண்டின் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, சான்றிதழ்கள். "மீதி ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட் தருவோம்" என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. அதே 2018 அறிவிக்கை இதற்கு இடம் தரவில்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். படிக்கப் போகும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தைத்தான் முன்கூட்டி வாங்கலாம். படிக்காத ஆண்டுகளுக்குப் பணம் கேட்பதற்கு அதில் வழியில்லை. இதை அறியாத குடும்பங்கள் கடன் வாங்கிக் கட்டுகின்றன, அல்லது சான்றிதழே வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லாத பிள்ளை அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் சேரத் திண்டாடும். இந்த ஆண்டின் இழப்பு அடுத்த ஆண்டுக்கும் தொடர்கிறது.

மூன்றாவது, கல்விக் கடன். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான நிபந்தனை. படிப்பை நிறுத்தினால் அந்தச் சலுகைக் காலம் முன்னதாகவே முடிந்துவிடும். ஆனால் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மாணவர் நடுவில் நிறுத்தினால், மாணவரோடும் பெற்றோரோடும் கலந்துபேசி வங்கி பொருத்தமான தவணைத் திட்டம் வகுக்கும். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவருக்கு இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பும் தரலாம். வங்கிக்குப் போய்ப் பேசினால்தான் இந்த இரண்டுக்கும் வழி. பேசாமல் இருந்து, கட்ட வேண்டிய தொகை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் அது வாராக் கடன் கணக்கில் சேரும். பெற்றோரும் அந்தக் கடனில் கையெழுத்திட்டவர்கள். அவர்கள் நாளை வேறு கடன் கேட்கும்போது இந்தப் பதிவு குறுக்கே வரும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கான கடனில் சலுகைக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-10 முதல் இருக்கிறது. நடுவில் படிப்பை விட்டவருக்கு இந்த வட்டி மானியம் இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று. நோயின் காரணமாக நின்று, அதற்கான ஆவணங்களைக் கல்வி நிறுவனத் தலைவர் ஏற்கும்படி கொடுத்தால் மானியம் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொறியியல் மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டில் ரூ.1,50,000 கடன் பெற்றிருக்கிறார். வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கொள்வோம். அவர் படிப்பைத் தொடர்ந்தால் மீதி இரண்டு ஆண்டும் அதன் பின் ஓராண்டும் ஆக மூன்று ஆண்டு வட்டி, அதாவது ரூ.45,000, அரசின் பொறுப்பு. தொடராவிட்டால் குடும்பத்தின் பொறுப்பு. உண்மையிலேயே நோயால் நின்ற ஒரு பிள்ளை, மருத்துவச் சான்றைக் கல்லூரியில் கொடுக்காத ஒரே காரணத்தால் இந்த மானியத்தை இழக்கக்கூடும்.

நான்காவது, அரசு உதவிகள். நம் பள்ளிகளில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் ஓராண்டோடு நின்றால் மீதி 24 மாதத்துக்கான ரூ.24,000 போய்விடும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பொறியியல் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.25,000 சலுகை உண்டு. அந்த இடத்தை விட்டுவிட்டுப் பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி, தற்காலிகமாக நிறுத்துவது. "ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழக விதிகளில் அனுமதி பெற்ற படிப்பு இடைவெளி என்று ஒன்று உண்டு. விபத்து, நீண்ட நாள் மருத்துவமனைச் சிகிச்சை போன்ற தக்க காரணம் இருந்தால், கல்லூரி முதல்வர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்து, பிந்தைய ஒரு பருவத்தில் மீண்டும் சேரலாம். வருகைப் பதிவு குறைந்து நிறுத்தப்பட்டவரின் காலம் இந்த அனுமதி பெற்ற இடைவெளியில் சேராது. நான்காண்டுப் பொறியியல் படிப்பை 14 பருவங்களுக்குள், அதாவது 7 ஆண்டுக்குள், முடித்தாக வேண்டும். திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதல் தாள்கள் படிக்க நேரலாம். மற்றப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி விதிகள். எங்கே ஆனாலும், அனுமதி பெற்றுப் போனவருக்குத் திரும்பி வரும் வழி எளிது.

நண்பர்களே, இவ்வளவு விதிகள் இருந்தும் பிள்ளைகள் ஏன் சொல்லாமல் நிற்கிறார்கள்? பெரும்பாலும் வெட்கம்தான். ஊரே வாழ்த்தி அனுப்பிய பிள்ளை, குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர். "எனக்கு முடியவில்லை" என்று சொல்ல வாய் வராது. காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, மாலையில் திரும்பி வருவார்கள். வீட்டில் தெரிவதற்குள் கட்டணம் திரும்பப் பெறும் நாளும், வங்கியில் பேச வேண்டிய நாளும் கடந்துவிடும். அந்த வெட்கத்தைப் போக்க நம்மால் முடியும்.

நாம் செய்யக்கூடியவை நான்கு.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். ரூ.40,000 கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்திலும் சொல்லுங்கள்.

விலகல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுங்கள். விடுப்புக் கடிதம் எழுதக் கற்றுத் தருகிறோமே, அதைப் போலத்தான். இரண்டு படி எழுதி, ஒன்றைக் கல்லூரியில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். முத்திரை வைக்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் சென்ற ஆண்டு மாணவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுங்கள். வகுப்பாசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பத்துப் பேர்கூட வராது. "காலேஜ் எப்படிப்பா இருக்கு?" என்ற ஒரு கேள்வி போதும். பதில் சொல்லத் தயங்கினால் நேரில் வரச் சொல்லுங்கள்.

நிற்கத்தான் வேண்டும் என்று ஒரு பிள்ளை முடிவெடுத்துவிட்டால், மூன்று இடங்களுக்குப் போகச் சொல்லுங்கள்: கல்லூரி அலுவலகம், வங்கிக் கிளை, உதவித்தொகையைக் கவனிக்கும் கல்லூரி அலுவலர். மூன்று இடத்திலும் எழுதிக் கொடுத்து, படி வாங்கி வரட்டும். முடிந்தால் யாராவது ஒருவர் துணைக்குப் போங்கள். ஆசிரியர் உடன் வந்தால் அலுவலகத்தில் பேசும் விதமே மாறும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

படிப்பை நிறுத்திய பிள்ளை நம் மாணவர் இல்லை என்று ஆகிவிடாது. முறையாக விலகிய பிள்ளைக்கு அடுத்த ஜூனில் வேறு படிப்பில் சேரக் கையில் சான்றிதழும் கொஞ்சம் பணமும் இருக்கும். சொல்லாமல் நின்றவருக்குக் கடன் மட்டுமே மிஞ்சலாம். இந்த வேறுபாட்டுக்குத் தேவைப்படுவது ஒரு பக்கக் கடிதம். அதை எழுதவைக்கும் பொறுப்பை நாம் ஏற்போம்.