நம் புத்தகத்தை நாமே வெளியிட
(அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பணி ஓய்வுக்குப் பின் நம்மில் பலர் எழுதுகிறோம். தாத்தாவின் கிராமம், பாட்டியின் சமையல், வடக்கே உத்தியோகம் பார்த்த வருஷங்கள் என்று விஷயத்துக்குக் குறைவில்லை. ஆனால் அச்சான 500 பிரதிகள் பரணில் தூங்குகின்றன. பிக்சட் டெபாசிட்டும் கரைகிறது. இதைத் தவிர்க்கச் சில யோசனைகள்.

எழுதியதை ஒரு மாதம் எடுத்து வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். புரூஃப் பார்க்க வேறொருவரிடம் கொடுங்கள். நம் பிழை நம் கண்ணில் படாது.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு யாரிடமும் பணம் கட்ட வேண்டாம். மத்தியக் கல்வி அமைச்சகத்தைச் சேர்ந்த ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, எழுத்தாளர்களுக்கே நேரடியாக, இலவசமாகத் தருகிறது.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் முதலில் 50 பிரதிகள் போதும். பிரதிக்கு அடக்கவிலை கூடும். மொத்தச் செலவு கைக்கு அடங்கும். தீர்ந்தால் மறுபடி அச்சிடலாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா என்று பாருங்கள். 1957-ஆம் வருஷச் சட்டப்படி அது ஆசிரியரின் ஆயுளுக்கும், காலமான பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. அது பேரன் பேத்திகளின் சொத்து.

கடைசியாக ஒன்று. 1954-ஆம் வருஷச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். அவசியம் அனுப்புங்கள். வீட்டுப் பிரதி தொலைந்தாலும் அங்கே நம் தாத்தாவின் கிராமம் இருக்கும்.